கடலடிச் சேற்றில் கார்பன்: பிரிட்டன் வரைபடம் எழுப்பும் கேள்வி

கார்பனைச் சேமித்து வைப்பவை காடுகள் என்றே பள்ளியில் படித்தோம். பிரிட்டன் கடற்பரப்பை ஆராய்ந்து 2024இல் வெளியான வரைபடம் இன்னொரு கிடங்கைக் காட்டியது. அங்கே சுமார் 24.4 கோடி டன் கரிமக் கார்பன் உள்ளது, அதில் 98 சதவீதம் கடலடிப் படிவுகளில் இருக்கிறது என்று ஸ்காட்லாந்து கடல் அறிவியல் சங்கம் மதிப்பிட்டது. படிவுகளின் மேல் 10 சென்டிமீட்டருக்கு மட்டுமான கணக்கு இது.

மணலை விடச் சேறே அதிகக் கார்பனைப் பிடித்து வைக்கிறது. சிக்கலும் அங்கேதான். வளை தோண்டி வாழும் சிறு சிங்கி இறால், வடகடலின் ஃபிளேடன் போன்ற சேற்றுப் பகுதிகளில்தான் கிடைக்கிறது. அதைப் பிடிக்கும் இழுவை மடிகள் கடலடியைக் கிளறுகின்றன. கிளறிய கார்பனில் எவ்வளவு காற்றில் கலக்கிறது என்பதில் விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், நெடுங்காலமாகப் படிந்த சேறு ஒரே இழுப்பில் கலைந்துவிடுகிறது.

'பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி' எனப் பெயர் பெற்ற பல இடங்களிலும் இழுவை மடிக்குத் தடை இல்லை. இங்கிலாந்துக் கடலில் மேலும் 41 பகுதிகளுக்குத் தடையை நீட்டிக்க அரசு 2025 ஜூனில் முன்மொழிந்தது.

கார்பன் எங்கே இருக்கிறது என்பதை வரைபடம் சொல்லிவிட்டது. அதே சேற்றை நம்பிப் பிழைக்கும் மீனவர்களின் வருமானத்துக்கு என்ன வழி என்பதை அரசுதான் சொல்ல வேண்டும். அந்தப் பதில் இல்லாத தடை, கடலில் நிலைக்காது.