பஸ்ஸிலிருந்து பிறந்த புகையிரதம்

"இப்போதைக்கு இது போதும்" என்னும் சொல் நம் இல்லங்களிலே அடிக்கடி ஒலிப்பதொன்று. ஒரு மழைகாலத்துக்கென வேய்ந்த கொட்டில் ஒரு தலைமுறைக்கே இருப்பிடமாகிவிடுவதையும் நாம் கண்டிருக்கின்றோம். இச்சொல் ஒரு நாட்டின் புகையிரதப் பாதையிலே ஒலித்தால் விளைவு யாதாகும்? வட இங்கிலாந்திலும் வேல்சிலும் நிகழ்ந்த வரலாறொன்று இதற்கு விடை கூறும்.

1980ஆம் ஆண்டளவிலே பிரித்தானியப் புகையிரத நிருவாகத்தினர் பெரியதோர் இக்கட்டில் அகப்பட்டிருந்தனர். சிற்றூர்களையும் கைத்தொழிற் பட்டினங்களையும் இணைக்கும் கிளைப் பாதைகளில் ஓடிய டீசல் வண்டிகளுட் பல, 1950ஆம் ஆண்டுகளில் செய்யப்பட்டவை. அவை மூப்படைந்துவிட்டன, புதியன வாங்கவோ போதிய பணமில்லை. இந்நிலையிலே விசித்திரமான யோசனையொன்று பிறந்தது. லேலண்ட் கொம்பனியார் செய்துவந்த பஸ் வண்டியின் உடற்பகுதியை எடுத்து, சரக்கு வண்டியின் அமைப்பைத் தழுவிய சட்டத்தின்மேல் ஏற்றினால் மலிவானதொரு புகையிரதம் ஆகாதா என எண்ணினர். லேலண்ட் என்ற பெயர் நமக்கும் புதியதன்று. 1958இல் உருவான இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ் வண்டிகளிலே அப்பெயரைக் கண்டு வளர்ந்தோர் நம்மிடையே பலர்.

முதற் சோதனை வண்டி 1978இல் ஓடிற்று. 1987ஆம் ஆண்டு முடிவதற்குள் 160க்கு மேற்பட்ட தொடர்கள் செய்து முடிக்கப்பட்டன. சிலவற்றுக்கு வேறொரு பஸ் உடல் கட்டும் கொம்பனியார் உடலமைத்தனர். 'பேசர்' என்பது இவ்வண்டிகளுக்கு இடப்பட்ட பெயர். இவற்றுக்கு வகுக்கப்பட்ட ஆயுள் மிஞ்சினால் இருபது ஆண்டுகளே.

மாணவர்கள் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். சாதாரணப் புகையிரதப் பெட்டியின் கீழே, முன்னொன்றும் பின்னொன்றுமாக இரு சிறு சட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு சில்லுகள் இருக்கும். வளைவு வரும்போது அச்சட்டங்கள் தாமே திரும்பிக் கொடுக்கும். பெட்டி இலகுவாகச் செல்லும். பேசர் வண்டியின் பெட்டிக்கோ மொத்தம் நான்கே சில்லுகள். இரு அச்சுகளும் பெட்டியின் சட்டத்தோடே பொருத்தப்பட்டவை. ஆகவே கூரிய வளைவுகளிலே சில்லுகள் தண்டவாளத்தோடு உரோஞ்சிக் கிறீச்சிடும். தண்டவாளப் பொருத்துகளிலே பெட்டி மேலுங்கீழும் துள்ளும். 'தலையாட்டும் கழுதை' எனப் பிரயாணிகள் அதற்குப் பட்டஞ் சூட்டியதில் வியப்பென்ன?

இருபது ஆண்டுகள் கழிந்தன, வண்டிகள் போகவில்லை. 1990ஆம் ஆண்டுகளின் நடுவிலே புகையிரத சேவை தனியார் வசமாயிற்று. வண்டிகளுக்கு உடையவர் ஒருவர். குறித்த சில ஆண்டுகளுக்கு மாத்திரம் உரிமை பெற்று அவற்றை ஓட்டுவோர் இன்னொருவர். பழையதை நீக்கும் பொறுப்பு யாருடையதென்பது இடையிலே நின்றுவிட்டது. வேலைக்கும் கல்லூரிக்கும் செல்வோரோ ஆண்டுதோறும் பெருகினர்.

2015இலே இவ்விடயம் முடிவுக்கு வந்தது. வடபகுதிக்கு 120 புதிய பெட்டிகள் வேண்டுமென்றும் பேசர் வண்டிகள் நீங்கவேண்டுமென்றும் நிபந்தனை விதிக்கப் போக்குவரத்து மந்திரி பற்றிக் மக்லொலின் விரும்பினார். வழக்கமான கணக்கின்படி செலவுக்கேற்ற பயன் இதில் இல்லையென்று அவருடைய திணைக்களத்தின் தலைமை உத்தியோகத்தர் எடுத்துரைத்தார். மந்திரியோ எழுத்துமூலம் பணிப்புரை விடுத்துத் தம் முடிவையே நிலைநாட்டினார். உத்தியோகத்தர் தம் கடமையைச் செய்தார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நாள்தோறும் குலுங்கிச் செல்லும் ஒருவருடைய அலுப்பும், "நம் ஊருக்கு இதுதான் போதுமென்று நினைத்தார்கள்" என்ற மனக்குறையும் எந்தக் கணக்கேட்டில் பதியப்படும்?

சட்டமும் ஒருபுறம் நெருக்கியது. 2019ஆம் ஆண்டு முடிவுக்குள் எல்லாப் புகையிரதங்களும் உடற்குறையுடையோர் ஏறிச் செல்லத் தக்கனவாயிருத்தல் வேண்டுமென விதி வகுக்கப்பட்டிருந்தது. சில்லு நாற்காலியிலே செல்லும் ஒருவர் தக்க மலசலகூட வசதியின்றிப் பயணஞ் செய்வது எங்ஙனம்? பேசர் வண்டிகள் இவ்விதிக்கு ஏற்றனவாய் இருக்கவில்லை. வடபகுதிச் சேவைக்கென ஸ்பெயின் நாட்டின் காஃப் கொம்பனியாரிடம் 101 புதிய தொடர்கள் கேட்கப்பட்டன. அவற்றுள் முதலாவன 2019 ஜூலையிலே ஓடத் தொடங்கின. புதியன வரத் தாமதமாகவே பழையவற்றுக்குச் சிறிது தவணை கொடுக்க நேர்ந்தது. 2020 நவம்பரிலே அவை வட இங்கிலாந்தின் பாதைகளை விட்டகன்றன; 2021 மே மாதத்திலே வேல்சிலும் அவற்றின் சேவை முடிந்தது. சில பெட்டிகளைப் பொதுநலத்துக்கு உதவுமாறு அரசினர் வழங்க, பிராட்போர்ட் நகரின் ஆரம்பப் பாடசாலையொன்றும் அவற்றுள் ஒன்றைப் பெற்றது.

பேசர் வண்டியை இகழ்வது மாத்திரம் நீதியாகாது. கையிலே பணமில்லாத காலத்தில், மலிவான அவ்வண்டிகளே கிளைப் பாதைகள் பலவற்றைத் தொடர்ந்து இயங்கச் செய்தன. குற்றம் மலிவானதை வாங்கியதிலன்று. குறித்த தவணை வந்தபோது அதனை மறந்ததிலேயாம். வீட்டுக்கு ஒரு பொருள் வாங்கினும், ஊருக்கு ஒரு சேவை அமைப்பினும், "இப்போதைக்கு" என்று சொல்லும் அன்றே "எதுவரைக்கும்? அதன்பின் யார் மாற்றுவது?" என்ற இரு வினாக்களையும் கேட்டு எழுதிவைப்போமாக.