"எல்லாம் என் தலையில இருக்கு" அண்ணாச்சிகளும் எக்செல் அண்ணாச்சிகளும்

மக்களே, துப்பாக்கி வைத்துக்கொள்வது சரியா தப்பா என்று கும்மியடிக்க வந்தவர்கள் தயவுசெய்து அடுத்த கடைக்குப் போகவும். அது வேற சண்டை, வேற நாள். இன்னிக்கு நான் திட்டப்போறது சொந்தக் கட்சி ஆட்களை. அதாவது சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, அடியில் புது பிரைமர் குத்தி, உள்ளே மருந்து போட்டு, மேலே குண்டு வைத்து அழுத்தி, திரும்பவும் தோட்டாவாக்குகிற ரீலோடிங் கோஷ்டியை. இங்கே அமெரிக்காவில் இது ரொம்பப் பழைய பொழுதுபோக்கு. நம்ம ஊரில் சிலர் ஸ்டாம்பு சேர்ப்பது போல, சிலர் ரேடியோ பிரித்து மாட்டுவது போல. நானும் மூணு வருஷமா கராஜில் ஒரு மேஜை போட்டு இதைச் செய்துகொண்டிருக்கிறேன்.

கிளப்பில் யாரையாவது பிடித்து "நோட்டு எழுதறீங்களா?"ன்னு கேட்டால் ரெண்டு விதமான பதில் வரும். ஒண்ணு, "முப்பது வருஷமா பண்றேன் தம்பி, எல்லாம் தலையில இருக்கு." இன்னொண்ணு, லேப்டாப்பைத் திறந்து கலர் கலரா எக்செல் காட்டுவார். முதல் ஆள் ஆபத்துங்கறது ஊருக்கே தெரியும். ரெண்டாவது ஆளும் கிட்டத்தட்ட அதே ஆபத்துதான்ங்கறது என் கட்சி.

மருந்தை அளக்கிற அலகு கிரெயின். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். அதில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும், அதாவது சுமார் ஆறரை மில்லிகிராம் வரைக்கும், தராசில் பார்த்து நிறுத்துகிற வேலை இது. .38 ஸ்பெஷல் தோட்டாவை எடுத்துக்குங்க. கரிமருந்து காலத்தில் பிறந்த கூடு, அதனால நல்ல பெரிசு. இன்றைய புகையில்லா மருந்து அதில் கொஞ்சூண்டு போட்டால் போதும், கூட்டின் அடியில் போய் ஒளிஞ்சுக்கும். கவனக்குறைவா ரெண்டு தடவை ஊற்றினாலும் வழியாது, வெளியே இருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. ஊற்றவே மறந்துட்டா இன்னும் விசேஷம். பிரைமர் மட்டும் வெடித்து குண்டைக் குழலுக்குள் பாதி வழியில் நிறுத்திவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளந்துக்கும்.

அடுத்து, பேர் குழப்பம். எச்4350 என்று ஒரு மருந்து, ஐஎம்ஆர் 4350 என்று ஒரு மருந்து. நம்பர் ஒண்ணு, மருந்து வேற வேற. ஒண்ணுக்கு எழுதின அளவை இன்னொண்ணுக்குப் போடக் கூடாது. அந்தப் பக்கம் எச்பி-38ம் வின்செஸ்டர் 231ம் ரெண்டு டப்பாவில் வருகிற ஒரே மருந்து! இந்த லட்சணத்தில் "எல்லாம் தலையில இருக்கு"ன்னா அந்தத் தலையை நினைத்து எனக்கு பயமா இருக்கு.

சரி, எக்செல் அண்ணாச்சிக்கு வருவோம். இவர் அஞ்சு தோட்டா சுடுவார். வேகம் அளக்கிற குரோனோகிராஃப் கணக்குப் போட்டு, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் வினாடிக்கு 10 அடின்னு காட்டும். உடனே "என் லோடு பத்து"ன்னு நோட்டில் தங்க எழுத்தில் ஏறும். காலேஜில் கை-ஸ்கொயர் டேபிள் புரட்டின யாராவது இருந்தா கணக்குப் போட்டுப் பாருங்க. அஞ்சு சாம்பிளில் 10 வந்தால், 95 சதவீத நம்பகத்தோடு சொல்லக்கூடியது உண்மையான எண் 6க்கும் 29க்கும் நடுவில் எங்கேயோ இருக்குங்கறது மட்டும்தான். மூணு தோட்டா சுட்டு, ஓட்டைகள் நெருக்கமா விழுந்த அட்டையை வெட்டி நோட்டில் ஒட்டுகிற கதை இன்னும் மோசம். கெட்ட அட்டை நேரா குப்பைக்கூடைக்குப் போயிடுது, நல்ல அட்டை மட்டும் ஆல்பத்தில் ஏறுது. அதுக்குப் பேர் பதிவேடா? கல்யாண ஆல்பம்.

இத்தனை கலருக்கு நடுவில் இல்லாதது என்ன தெரியுமா? மருந்து டப்பாவின் லாட் நம்பர் இல்லை. எந்த பிரைமர்னு இல்லை. கூடு எத்தனையாவது முறை சுடப்படுதுன்னு இல்லை. சுட்டுச் சுட்டு நீண்ட கூடு ஒருநாள் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே ரெண்டாப் பிரியும், அந்த நாள் எப்போ வரும்னு சொல்லக்கூடியது அந்த எண்ணிக்கைதான். லாட் மாறினால்கூட அளவைக் குறைத்து முதலில் இருந்து ஏறச் சொல்லி கையேடுகள் கத்துகின்றன. 2020, 2021ல் பிரைமர் பஞ்சம் வந்தபோது கிடைத்ததை வாங்கிக் குத்தினார்கள் எல்லாரும். அதை எத்தனை பேர் எழுதி வைத்தார்கள்? இன்னிக்கும் அந்த வருஷத்துத் தோட்டாக்கள் கராஜ்களில் தூங்கிக்கொண்டு இருக்கு.

இதையெல்லாம் விட முக்கியமா, எந்த வரி எந்தப் பெட்டிக்கு என்பது இல்லவே இல்லை. பொட்டி தட்டும் நம்ம பாஷையில் சொன்னால், ரெண்டு டேபிள் இருக்கு, ஃபாரின் கீ இல்லை.

போன வருஷம் கிளப்பில் ஒரு பெரியவர் காலமானார். அருமையான மனுஷர், எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தவர். அவர் பையன் சாமானை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்து "யாராவது வாங்கிக்கறீங்களா?"ன்னு கேட்டார். நாலு நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் அட்டை ஒட்டி, அழகான கையெழுத்து. கூடவே பெரிய காபி டப்பாக்களில் முந்நூறு, நானூறு தோட்டா, ஒரு துண்டுச் சீட்டு கூடக் கிடையாது. அந்த நோட்டுகளை வைத்துக்கொண்டு ஒரே ஒரு தோட்டாவைக்கூட எங்களால் அடையாளம் காண முடியலை. ரெண்டு சனிக்கிழமை உட்கார்ந்து, சுத்தியல் மாதிரி இருக்கும் கருவியில் வைத்துத் தட்டித் தட்டி ஒவ்வொண்ணாப் பிரித்தோம். பித்தளையும் குண்டும் தேறியது. மருந்து என்ன பேருன்னே தெரியாததால் புல்தரையில் மெல்லிசாத் தூவிட்டோம். (நைட்ரஜன் இருக்கு, புல்லு நல்லா வளர்ந்தது.)

"நானே செய்யறேன், நானே சுடறேன். யாருக்குக் கணக்கு?" இது அடுத்த வசனம். அய்யா, நீங்க சுடும்போது பக்கத்து மேஜையில் நான் உட்கார்ந்திருக்கேன்! உங்க துப்பாக்கி வெடித்தால் இரும்புத் துண்டு ஆள் பார்த்துப் போகாது. இன்னொரு தமாஷ் பாருங்க. 1968ல் வந்த சட்டம் தோட்டா விற்கிறவர் ஏடு வைக்கணும்னு சொன்னது. 1986ல் அதை அநேகமா முழுசாவே எடுத்துட்டாங்க. சொந்த உபயோகத்துக்கு ரீலோடிங் பண்ண மத்திய அரசு லைசென்ஸும் வேண்டாம், பாரமும் வேண்டாம். இதைச் சொல்லி மார் தட்டுகிற அதே ஆள்தான், அரசாங்கம் கேட்காத கணக்கைத் தானும் எழுத மாட்டேங்கறார். யாரும் கேட்கலைன்னா கணக்கே வேண்டாம்னு ஆயிடுமா?

நான் செய்யறது ஒண்ணும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை. மேஜையில் ஒரு நேரத்துக்கு ஒரே மருந்து டப்பா. மருந்து ஊற்றும் கருவியில் மீதி இருந்தால் எழுந்திருக்கும் முன்னாடி அதே டப்பாவுக்குத் திரும்பப் போயிடும், ராத்திரி தங்காது. பெட்டி மூடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி தேதி, மருந்து, லாட், எத்தனை கிரெயின், குண்டின் எடை, பிரைமர், கூட்டுக்கு எத்தனையாவது முறை, எல்லாம் மார்க்கரில். கீழே ஒரு வரிசை எண். நோட்டிலும் அதே எண். மோசமா சுட்ட நாளும் நோட்டில் உண்டு, அட்டையோடு. டேப் உரிந்த பெட்டி என்றால் நான் செய்ததா இருந்தாலும் சுத்தியல்தான்.

அன்பா ஒரு டப்பா நீட்டி "சுட்டுப் பாருப்பா, நம்ம லோடு"ங்கற அண்ணாச்சிகளே, மன்னிச்சுக்குங்க. அதை இனிமே வாங்கிக்க மாட்டேன். கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை :-)

டிஸ்கி: எச்1பியில் இருக்கிறவங்க இதைப் படிச்சுட்டு ஆர்வத்தில் கடைக்கு ஓட வேண்டாம். தற்காலிக விசாக்காரர்கள் தோட்டா வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகிற வேட்டை உரிமம் கையில் இருந்தால் விதிவிலக்கு உண்டு. உரிமம் முடிகிற தேதியையும் நோட்டில் முதல் பக்கத்திலேயே எழுதி வைங்க, நான் எழுதி வச்சிருக்கேன்.