செய்மதி சாட்சி சொல்லுமா?

காடென்பது நம் நாட்டில் வெறும் மரக்கூட்டமன்று. அது ஒரு சட்டச் சொல். காடும் தரிசும், மறுப்பவன் நிரூபிக்கும்வரை, முடிக்கே உரியவை என்று 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கொண்டது. இந்நிலத்தைக் காடென்று சொல்பவர் யார், எதைக் கண்டு சொல்கிறார் என்று நாம் கேட்பது அதனாலேயே.

1956 முதல் 1961 வரை விமானப் படங்களைக் கொண்டு இலங்கையின் காடுகள் கணக்கிடப்பட்டன. இன்று அவ்வேலையைச் செய்மதிகள் செய்கின்றன. நாம் அதை எதிர்ப்பவரல்லோம். சிங்கராஜ வனத்தின் ஓரத்தை அரிப்போரைக் காட்டிக்கொடுக்க அதனினும் நல்ல காவலன் ஏது?

எனினும் செய்மதி காண்பது இலையிற் பட்டுத் திரும்பும் ஒளியை மட்டுமே. அது பலாவா, இறப்பரா, காட்டு மரமா என்றறிய, மண்ணிலே மாதிரித் துண்டுகளைத் தேர்ந்து, மரந்தோறும் நெஞ்சளவு உயரத்தில் பருமனை அளந்து, இனத்தைக் குறித்துப் படத்தோடு ஒப்பிடல் வேண்டும். அத்துண்டுகள் யாவும் ஒதுக்குக் காடுகளுக்குள்ளேயே இடப்பட்டால், எட்டியாந்தோட்டை இறப்பரைப் பற்றியும் தெரணியகலை வீட்டுத் தோட்டங்களைப் பற்றியும் வரும் முடிவு ஊகமே. முதிர்ந்த இறப்பர் மேலிருந்து காடாகவே தோன்றும். ஆண்டின் தொடக்கத்தில் அது இலையுதிர்க்கும் சில வாரங்களிலே வேறுபாடு தெரியும். அப்போது சப்பிரகமுவ முகில் விலகி வழிவிட வேண்டுமே!

லான்ட்சாட் படத்தின் ஒரு புள்ளி 30 மீற்றருக்கு 30 மீற்றர்; ஏறத்தாழ 35 பேர்ச். தோட்டத் தொழிலாளிக்கு வீடு கட்ட அளந்து கொடுத்த காணியோ 7 பேர்ச். ஐந்து குடும்பங்களின் வீடும் முற்றமும் மரக்கறிப் பாத்தியும் ஒரே புள்ளிக்குள் மறைந்துவிடும். 10 மீற்றர்ப் படங்கள் இப்போது உள்ளன. அவற்றுக்கும் மண்ணின் சாட்சியின்றி விடிவில்லை.

பிழை நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது? 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி மீட்புச் சட்டத்தின் கீழ், அரச காணியென அதிகாரி கூறியதற்குச் சான்று கேட்க நீதவானுக்கு அதிகாரமில்லை. குடியிருப்பவன் அனுமதிப்பத்திரமோ வேறு எழுத்துமூல அதிகாரமோ காட்டினாலன்றி வெளியேற வேண்டியவனே. லயத்துப் பின்புறத்தைத் தலைமுறையாய்க் கொத்திப் பயிரிட்டவனிடம் ஏது பத்திரம்?

ஆகவே நாம் கோருவன இவை: இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலும் சிற்றுடைமைகளிலும் மாதிரித் துண்டுகள் இடப்படட்டும், வரைபடம் முடிவாகுமுன் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகங்களில் ஒட்டப்படட்டும், ஆட்சேபம் எழுந்தால், அளவையாளர் நிலத்துக்கு வந்து பார்க்கும்வரை எவரையும் அகற்ற அப்படம் சான்றாகாதென்று சட்டத்தில் எழுதப்படட்டும்.