நாலு இரவும் ஒரு டிக்கெட்டும்

சென்ற வாரம் பள்ளிப்பட்டில் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். இரவு சாப்பாடு முடிந்து மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டு அம்மாள் தம் மகளையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"நீங்களே சொல்லுங்கள், அக்கா! வான நூல் ஆராய்ச்சி செய்கிறாள். சரி, செய்யட்டும். நட்சத்திரம் பார்க்கச் சிலி தேசத்துக்குப் போக வேண்டுமாம். நம் மாடியில் தெரியாத நட்சத்திரமா?"

பெண் சிரித்தாள். "தெற்கு வானத்தில் மகெல்லன் மேகங்கள் என்று இரண்டு நட்சத்திரக் கூட்டங்கள் இருக்கின்றன, அம்மா. நமக்கு அவை அடிவானத்துப் புழுதியில் மறைந்து போகும். அங்கேயானால் உயரத்தில் தெளிவாகத் தெரியும்."

அவள் அனுப்பிய ஆராய்ச்சித் திட்டத்தை மெச்சி, ஒரு பெரிய தொலைநோக்கியில் நாலு இரவுகளை இலவசமாகவே ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் போய்வர டிக்கெட்? அது அவள் பாடு! தாயாரின் பார்வை தம் கை வளையல்களின் மேல் விழுந்தது.

"வளையல் போனால் போகட்டும். அவ்வளவு செலவழித்துப் போய், அங்கே மேகம் மூடிக்கொண்டால்?"

நியாயமான கேள்வி. அப்படி ஒருவருக்கு நடந்தும் இருக்கிறது, அதுவும் நம் புதுச்சேரியில்! சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்க, 1760-ல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் சார்பில் லெ ஜான்டீல் என்பவர் கப்பலேறினார். போர் காரணமாக 1761-ல் கரையிறங்க முடியவில்லை. அடுத்த வாய்ப்புக்காக எட்டு வருஷம் காத்திருந்தார். 1769 ஜூனில், பார்க்க வேண்டிய அந்த வேளையில், புதுச்சேரி வானத்தை மேகம் மூடிவிட்டது! 1771-ல் ஊர் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாகவே முடிவு கட்டி, உறவினர் சொத்தைப் பங்கு போட முனைந்திருந்தார்கள். ஆனாலும் அந்தப் பயணம் வீணாகவில்லை. நம் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்று, ஐரோப்பாவுக்கு எடுத்துச் சொன்னவர் அவர்தான்.

டிக்கெட்டுக்குப் போட்ட பணம் வட்டியோடு திரும்பிய கதையும் உண்டு. சென்னையில் 1927-ல் பிறந்த வைணு பாப்பு, ஹைதராபாத் சர்க்காரின் உபகாரச் சம்பளத்தில் 1949-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலைக்குப் போனார். போன சில மாதங்களிலேயே ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார்! பிறகு கார்னெகி நிதியின் உதவியால் பாலோமர் மலையில் பணியாற்றினார். அங்கே கற்றதையெல்லாம் இங்கே கொண்டுவந்து, ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை உண்டாக்கினார். அவர் 1982-ல் காலமானார். நம்மவர்களே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு 1986-ல் அவர் பெயரையே வைத்தார்கள்.

"இப்போதுதான் கம்ப்யூட்டர் இருக்கிறதே?" என்றாள் நாத்தனார்.

உண்மைதான். லடாக்கில் ஹான்லேயில் இருக்கும் தொலைநோக்கியைப் பெங்களூருக்கு அருகே ஹொஸகோட்டேயில் உட்கார்ந்தபடியே இயக்குகிறார்கள். ஆனால் எல்லாத் தொலைநோக்கிக்கும் அந்த வசதி இல்லை. அதோடு, சமையலைக் கடிதத்தில் கற்பது வேறு, மாமியாரின் அடுப்படியில் நின்று கற்பது வேறு அல்லவா? இதை உணர்ந்துதான் சர்வதேச வானியல் சங்கம், வானியலாரை நாடு விட்டு நாடு அனுப்பப் பயணப்படி கொடுப்பதற்கென்றே நெடுங்காலம் ஒரு குழு வைத்திருந்தது. பாப்புவும் 1979 முதல் 1982 வரை அந்தச் சங்கத்தின் தலைவராக இருந்தவர்தான்.

"முதலில் நாலு இடத்துக்கு மனுப் போடட்டும். கிடைக்காவிட்டால் வளையல் இருக்கவே இருக்கிறது" என்று எழுந்தார் தாயார். வானத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினார்.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. கல்லூரிக் கட்டடத்துக்கு நன்கொடை கொடுக்க நம்மிடையே எத்தனையோ தனவந்தர்கள் இருக்கிறார்கள். கட்டடமானால் கல்லில் பெயர் பொறிக்கலாம். டிக்கெட்டில் யார் பெயரைப் பொறிப்பது? பெயரை எதிர்பார்க்காமல் ஒரு பெண்ணின் பயணத்துக்குக் கொடுக்கும் மனிதர் ஒருவர் கிடைத்தால், ஒரு தாயாரின் வளையல் கையிலேயே தங்கும்.