காத்திருப்பு என்னும் மறுப்பு

தாராவியை ஒட்டிய பாந்த்ரா-குர்லா வளாகத்தில் மும்பையின் அமெரிக்கத் துணைத் தூதரகம் இயங்குகிறது. எச்-1பி பணி விசா கோருவோரும் அவர்களைச் சார்ந்தோருக்கான எச்-4 விசா கோருவோரும் 2025 டிசம்பர் 15 முதல் தம் சமூக ஊடகப் பக்கங்களை ஆய்வுக்குத் திறந்துவைக்க வேண்டும் என அந்நாடு அறிவித்தது. அதையொட்டி, இந்தியாவில் முன்பே உறுதிசெய்யப்பட்டிருந்த நேர்காணல்கள் பல 2026 மார்ச்சுக்கும் அதற்கு அப்பாலும் தள்ளிப்போயின. திருமணத்துக்கும் விடுமுறைக்கும் தாயகம் வந்தவர்கள் இங்கேயே நின்றுபோனார்கள். அவர்களுடைய விண்ணப்பங்கள் மறுக்கப்படவில்லை, தேதிதான் மாறியது.

இதனை ‘நடைமுறைத் தாமதம்’ என்று குறிப்பது வழக்கமாகிவிட்டது, பருவமழை பிந்துவதைப் போல. ஆனால் எத்தனை அலுவலர்களை அமர்த்துவது, எந்த ஆய்வை எப்போது புகுத்துவது, முடிவு வரும்வரை விண்ணப்பதாரர் வேலையில் தொடரலாமா என்பனவெல்லாம் அரசு எடுக்கும் முடிவுகள். சட்டப்படி மறுக்க இயலாததைக் காலத்தால் மறுக்கும் வழி அது.

இந்த வழிக்குப் பம்பாயிலேயே ஒரு பழைய சான்று உண்டு. 1971ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடிவரவுச் சட்டப்படி, அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியர் ஒருவரின் மனைவிக்கு அங்கு வாழும் உரிமை இருந்தது. அதை மெய்ப்பிக்கும் சான்றிதழுக்குப் பம்பாயில் நீண்ட வரிசை. அவர் காத்திராமல் லண்டனுக்கே சென்று இறங்கினார். உள்துறையோ விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவே மறுத்து, பம்பாய் வரிசைக்குத் திரும்பச் சொன்னது. பான்சோப்கர் வழக்கு என அறியப்படும் இவ்வழக்கில், 1975இல் டென்னிங் பிரபு உள்ளிட்ட மேல்முறையீட்டு நீதிபதிகள் அதனை ஏற்கவில்லை. நீதியை மறுப்பதை மட்டுமன்றித் தாமதிப்பதையும் விலக்கும் மாக்னா கார்ட்டாவை அத்தீர்ப்பு எடுத்தாண்டது.

இத்தீர்ப்பின் வலிமையும் வரம்பும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அந்தப் பெண்ணுக்கு உரிமை இருந்ததால்தான் தாமதம் அநீதியாயிற்று. இன்று திறன்சார் பணியாளரின் துணைவருக்கு இருப்பது பெரும்பாலும் சலுகையே. ‘சார்ந்தோர்’ என்னும் சொல்லே அதற்குச் சான்று. அவரும் பொறியாளராகவோ ஆய்வாளராகவோ இருக்கலாம். படிவத்தில் ஒருவர் திறன், மற்றவர் சுமை.

எச்-4 விசாவில் இருப்போரில் ஒரு பிரிவினருக்கு வேலை செய்யும் அனுமதி 2015 மே 26 முதல்தான் கிடைத்தது. நிரந்தர வசிப்புரிமை வரிசையில் நிற்கும் எச்-1பி பணியாளர்களின் துணைவர்களே அப்பிரிவினர். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 வேலைவாய்ப்புவழி இடங்களில் ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடு என்ற வரம்பினால், இந்தியர்களின் வரிசை பல்லாண்டுகளாக நீள்கிறது. (மாதந்தோறும் வெளிவரும் விசா அறிக்கையைப் பஞ்சாங்கம்போல் புரட்டும் குடும்பங்கள் மாதுங்காவிலும் செம்பூரிலும் உண்டு, முகூர்த்தம் குறிப்பதிலும் அதற்கு இப்போது பங்கு இருக்கிறது.) அந்த வேலை அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களுக்கு முன்பு 540 நாள்வரை தானாகவே நீட்டிப்புக் கிடைத்துவந்தது. 2025 அக்டோபர் 30 முதல் பதிவாகும் விண்ணப்பங்களுக்கு அது நிறுத்தப்பட்டது. இனி, அலுவலகத்தில் கோப்பு நகராவிட்டால் துணைவரின் வேலை போய்விடும். எந்த அலுவலரும் ‘இல்லை’ என்று எழுத வேண்டியதே இல்லை.

போலித் திருமணங்களைத் தடுக்கச் சோதனை வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் அந்த ஐயம் எதுவரை சென்றது என்பதையும் பார்க்க வேண்டும். 1979இல் ஹீத்ரோ விமான நிலையத்தில் இந்திய மணப்பெண் ஒருவருக்குக் கன்னிமைச் சோதனை நடத்தியது அம்பலமானது. அத்தகைய சோதனைகள் டெல்லியிலும் பம்பாயிலும் நடந்திருந்தன என்பதை ஆவணங்கள் பின்னர் காட்டின. இன்றைய ஆய்வு அத்தகையதன்று. எனினும் எல்லையும் காலக்கெடுவும் இல்லாத எந்த ஆய்வும் விண்ணப்பதாரரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடும்.

அதன் பாரமும் சமமாக விழுவதில்லை. இரண்டு தலைமுறையாக வெளிநாட்டில் உறவினர் உள்ள செம்பூர்க் குடும்பத்துக்கு வழக்கறிஞர் கிடைப்பார், ஆறு மாதம் தாங்கும் சேமிப்பும் இருக்கும். கல்விக்கடனில் படித்து முதன்முறையாக வெளிநாட்டு வேலை பெறும் தாராவி இளைஞருக்கு அவை இரண்டும் இரா. பிரித்தானியாவில் துணைவரை அழைக்கத் தேவையான ஆண்டு வருமானம் 2024 ஏப்ரலில் 18,600 பவுண்டிலிருந்து 29,000 பவுண்டாக உயர்த்தப்பட்டதும் இத்தகையோரையே முதலில் வெளியே நிறுத்துகிறது.

காலக்கெடு இயலாதது அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டுக் குடும்ப ஒருங்கிணைப்பு நெறிமுறை, பொதுவாக ஒன்பது மாதத்துக்குள் முடிவைத் தெரிவிக்கக் கோருகிறது. 2021ஆம் ஆண்டு நீல அட்டை நெறிமுறையோ, நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால் திறன்சார் பணியாளரின் குடும்பத்தினருக்குப் பொதுவாக 90 நாள்களுக்குள் அனுமதி வழங்கச் சொல்கிறது. இந்தியா பிற நாடுகளுடன் வணிக உடன்பாடு பேசும்போது, எத்தனை பேருக்குப் பணி விசா என்பதோடு, துணைவரின் விண்ணப்பத்துக்கு எத்தனை நாளில் முடிவு என்பதையும் கேட்க வேண்டும்.