வன்முறைக்கு மனநோய்தான் காரணமா?

அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு ஒன்று நிகழ்ந்தால், இறந்தவர்களின் பெயர்கள் வெளிவருவதற்கு முன்பே ஒரு தீர்ப்பு வெளிவந்துவிடுகிறது: "சுட்டவன் மனநோயாளி." தொலைக்காட்சியில் தோன்றும் அரசியல்வாதி அதைச் சொல்கிறார். வார இறுதி விருந்துகளில் கூடும் தமிழ்க் குடும்பங்களும் அதையே சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போகின்றன. கேட்பவருக்கு நிம்மதி தரும் விடை இது. குற்றம் வேறு யாரோ ஒரு கூட்டத்தாருடையது, நம் வீட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்ற ஆறுதல் அதில் இருக்கிறது.

ஆனால் அந்த விடை தவறானது. அதற்கு ஒரு விலையும் உண்டு. பல மாதங்களாக உறக்கமின்றி, படிப்பில் மனம் ஒன்றாமல் தவிக்கும் பிள்ளை ஒன்று அந்தப் பேச்சைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். தன் நிலையை வெளியே சொன்னால் தன்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று அப்பிள்ளை முடிவு செய்துவிடுகிறது.

வர்ஜீனியா டெக் தரும் பாடம்

2007ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒருவர் 32 பேரைச் சுட்டுக்கொன்று தம்மையும் மாய்த்துக்கொண்டார். இறந்தவர்களுள் ஒருவர் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். கோபிச்செட்டிபாளையத்தை அடுத்த கரட்டடிபாளையத்தில் பிறந்து, 1982 முதல் அப்பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நீரியல் அறிஞர் அவர். வகுப்பறையிலேயே அவர் உயிர் பிரிந்தது. அந்நாளில் உலகெங்கும் உள்ள தமிழர்களை உலுக்கிய செய்தி இது.

சுட்ட மாணவருக்கு மனநலச் சிக்கல்கள் இருந்தது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மாநில ஆளுநர் அமைத்த ஆய்வுக்குழு 2007 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையை ஊன்றிப் படிப்பவருக்கு வேறொரு கதையும் தெரியவரும். அவர் கொரியாவிலிருந்து எட்டு வயதில் பெற்றோருடன் குடியேறியவர். சில சூழல்களில் பேச இயலாமற்போகும் கோளாறும் மனச்சோர்வும் அவருக்கு இருப்பது பள்ளிப் பருவத்திலேயே கண்டறியப்பட்டது. 1999இல் கொலம்பைன் பள்ளிப் படுகொலைக்குப் பின் அவர் எழுதிய ஒரு கட்டுரை ஆசிரியருக்குக் கவலையளித்தது. பள்ளி குடும்பத்தினரிடம் பேசியது; பெற்றோர் மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். வீடு, பள்ளி, மருத்துவம் என்ற மூன்றும் சேர்ந்து அவரைத் தாங்கிய ஆண்டுகள் அவை.

பல்கலைக்கழகத்தில் அந்தத் தாங்கல் இல்லாமற்போயிற்று. அவரது முந்தைய நிலை பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு எவரும் தெரிவிக்கவில்லை. 2005இல் இரு மாணவிகள் அவர்மீது முறையிட்டனர். அவரது எழுத்துகளைக் கண்டு ஆங்கிலத்துறைப் பேராசிரியர்கள் அஞ்சினர். அதே ஆண்டு டிசம்பரில் தற்கொலை பற்றிப் பேசியதால் நீதித்துறை அலுவலர் முன் நிறுத்தப்பட்டு, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற ஆணையிடப்பட்டார். அச்சிகிச்சை நடந்ததா என்று எவரும் பின்தொடரவில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுத் தகவல் இருந்தது. தனியுரிமைச் சட்டங்களைத் தவறாகப் புரிந்துகொண்டதால் அத்துண்டுகள் ஓரிடத்தில் சேரவேயில்லை. நீதித்துறை ஆணை கூட்டரசின் பின்னணிச் சோதனைப் பட்டியலில் ஏறாததால், 2007இல் அவர் இரண்டு கைத்துப்பாக்கிகளைக் கடை வழியாகவே வாங்கினார். இந்த ஓட்டையை அடைக்கும் சட்டம் 2008 ஜனவரியில்தான் வந்தது.

ஆக, "மனநோய்" என்ற ஒற்றைச் சொல் இங்கே எதையும் விளக்கவில்லை. அறுந்துபோன சிகிச்சை, ஒன்றுசேராத எச்சரிக்கைகள், எளிதில் கிடைத்த ஆயுதம் ஆகிய மூன்றையும் அச்சொல் மறைத்துவிடுகிறது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஸ்வான்சன் பல்லாயிரம் பேரிடம் திரட்டப்பட்ட தரவுகளை ஆராய்ந்தவர். கடும் மனநோய்கள் அனைத்தும் ஒரே நாளில் மறைந்துவிட்டாலும் அந்நாட்டின் வன்முறையில் ஏறத்தாழ 4 விழுக்காடு மட்டுமே குறையும் என்பது அவரது கணிப்பு. மீதி 96 விழுக்காடு அப்படியே இருக்கும். மனநல மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பியோரைப் பற்றி 1998இல் வெளிவந்த மக்ஆர்தர் ஆய்வும் குறிப்பிடத்தக்கது. மதுவும் போதைப்பொருளும் பயன்படுத்தாத நோயாளிகள், அதே தெருவில் வாழும் மற்றவர்களைவிடக் கூடுதலாக வன்முறையில் ஈடுபடவில்லை என்று அது கண்டது.

வன்முறையை முன்னறிவிப்பவை வேறு: முந்தைய வன்முறை, குடி, போதை, குடும்பத்தினரை அடிக்கும் பழக்கம், அடங்காச் சினம், சிறுவயதில் பட்ட அடி, கைக்கெட்டும் ஆயுதம். இவை நோய் இல்லாதவரிடமும் உண்டு. சிகிச்சை பெறாத கடும் மனச்சிதைவுடன் போதையும் சேரும்போது ஆபத்து கூடுகிறது என்பதும் உண்மையே. ஆனால் அந்த உண்மை சிகிச்சையின் தேவையைத்தான் வலியுறுத்துகிறது. நோயாளியை ஒதுக்குவதற்கு அதில் இடமில்லை.

நோயாளிகள் தாக்குபவர்களாக இருப்பதைவிடத் தாக்கப்படுபவர்களாக இருப்பதே மிகுதி. சிகாகோவில் நடந்து 2005இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி, கடும் மனநோய் உள்ளோரில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் ஓராண்டுக்குள் வன்குற்றத்துக்கு ஆளாகியிருந்தனர். இது பொதுமக்கள் அளவைவிடப் பதினொரு மடங்குக்கு மேல். துப்பாக்கியும் மனநோயும் உண்மையில் சந்திக்கும் இடம் தற்கொலை. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள்.

மனநோய் எல்லா நாடுகளிலும் உண்டு. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் மனச்சிதைவும் மனச்சோர்வும் இல்லாமல் இல்லை. டன்பிளேன், போர்ட் ஆர்தர் படுகொலைகள் நிகழ்ந்தது 1996இல். அவற்றுக்குப் பின் ஒரு நாடு கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. மற்றது ஏறக்குறைய 6,50,000 துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கி அழித்தது. இன்று அமெரிக்காவின் துப்பாக்கிச் சாவு விகிதம் அவ்விரு நாடுகளைவிடப் பல மடங்கு அதிகம். மனநோயின் அளவில் அத்தகைய வேறுபாடு இல்லை.

ஒரு சிறு கணக்கு

"அப்படியானால் மனநோயாளிகளை முன்கூட்டியே கண்டுபிடித்துக் கண்காணித்தால் என்ன?" என்று கேட்போர் உண்டு. கணிதம் பயின்ற தமிழ் இளைஞர்களுக்கு இதன் விடை எளிதில் புலப்படும். 10,000 மாணவர்களில் ஒருவர் மட்டுமே ஆபத்தானவர் என்று கொள்வோம். 99 விழுக்காடு துல்லியமான சோதனை ஒன்று இருப்பதாகவும் கொள்வோம். அச்சோதனை அந்த ஒருவரைப் பிடிக்கும். அவருடன் குற்றமற்ற நூறு பேரையும் பிடிக்கும். உண்மையில் மனநோய் என்ற அடையாளத்துக்கு அத்தகைய துல்லியத்தின் அருகில்கூட இடமில்லை. அரிதான நிகழ்வை ஒற்றை அடையாளத்தால் கணிக்க முடியாது.

அமெரிக்க இரகசியக் காவல் சேவையும் கல்வித்துறையும் 2002இல் வெளியிட்ட ஆய்வு பள்ளித் தாக்குதல்கள் 37ஐ ஆராய்ந்தது. தாக்கியோரில் மனநலக் கோளாறு இருப்பதாக முன்பே கண்டறியப்பட்டிருந்தோர் 17 விழுக்காட்டினரே. ஆனால் 81 விழுக்காடு நிகழ்வுகளில், அத்திட்டத்தைப் பற்றி வேறு ஒருவருக்காவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. மிரட்டல், ஆயுதம் தேடுதல், "நாளை பள்ளிக்கு வராதே" என்று நண்பனிடம் கூறுதல் போன்ற செயல்களே கவனிக்கத் தக்கவை. 1999இல் கனெடிகட்டில் தொடங்கி இன்று 20க்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்களில் உள்ள, ஆபத்தானவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக விலக்கும் சட்டங்கள் நோயின் பெயரைவிட நடத்தையையே அடிப்படையாகக் கொள்கின்றன. வர்ஜீனியாவும் 2020இல் அத்தகைய சட்டத்தை இயற்றியது.

தமிழரின் சொற்களும் திரையும்

இத்தவறான எண்ணம் அமெரிக்க ஊடகம் மட்டும் தந்ததன்று. தமிழர்கள் அதில் ஒரு பங்கைத் தாயகத்திலிருந்தே பெட்டியில் எடுத்து வந்திருக்கிறார்கள். சென்னையில் வளர்ந்தவருக்குக் "கீழ்ப்பாக்கம்" ஒரு வசைச்சொல். இலங்கையில் வளர்ந்தவருக்கு "அங்கொடை". "லூசு", "மெண்டல்", "விசர்" என்பவை வீட்டில் நாள்தோறும் விளையாட்டாய்ப் புழங்குகின்றன. சிகப்பு ரோஜாக்கள் முதல் ஆளவந்தான், அந்நியன் வரை மனம் பாதிக்கப்பட்டவரைக் கொலையாளியாகவே தமிழ்த் திரை காட்டிவந்துள்ளது. கொலை செய்யாத மனநோயாளி திரையில் வந்தால் அவர் நகைச்சுவைக்கு ஆளாகிறார்.

இந்த அச்சத்தின் கொடிய முகம் ஏர்வாடியில் தெரிந்தது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அங்குள்ள காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட இயலாமல் கருகி மாண்டனர். அவர்களால் பிறருக்கு ஆபத்து என்று கூறிப் பூட்டிவைத்தவர்கள், அவர்களுக்கு நேரவிருந்த ஆபத்தை எண்ணவில்லை. சங்கிலியால் பிணைப்பதை இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துள்ளது. அதே தமிழ்நாட்டில்தான் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவி, சிகிச்சையும் பணிப்பயிற்சியும் கிடைத்தால் இந்நோயாளிகள் குடும்பத்தோடு வாழலாம் என்று காட்டினார்.

புலம்பெயர்ந்த வீடுகளில் இரும்புச் சங்கிலி இல்லை. அங்கே சங்கிலியின் பெயர் "நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?" என்பதே. அக்காளின் திருமணம் தடைப்படும், மருத்துவக் கல்லூரி இடம் போய்விடும், கோயிலில் பேசுவார்கள் என்ற அச்சங்கள் பிள்ளையின் நோயைவிடப் பெரிதாகிவிடுகின்றன. டொராண்டோ தமிழரிடையே நடந்து 2003இல் வெளிவந்த ஆய்வில், போரின் கொடுமைகளைக் கண்டு வந்த அச்சமூகத்தில் 12 விழுக்காட்டினருக்கு மனவடு நோய் இருந்தது. அவர்களில் மிகச் சிலரே சிகிச்சையை நாடியிருந்தனர். மற்றவர்கள் வேலைக்குச் சென்றார்கள், வரி கட்டினார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள், இரவில் தனியே விழித்திருந்தார்கள். அவர்களைக் கண்டு எவரும் அஞ்சவேண்டிய தேவை எழவில்லை. அவர்களுக்கு உதவ வேண்டிய தேவைதான் கவனிக்கப்படாமற்போயிற்று.

செய்யத் தக்கவை

பெற்றோர் முதலில் தம் பேச்சைத் திருத்திக்கொள்ள வேண்டும். அடுத்த துப்பாக்கிச் சூட்டுச் செய்தி வரும்போது, "பைத்தியக்காரன்" என்று சொல்லி முடிக்காமல், "துப்பாக்கி எப்படிக் கிடைத்தது? யாருக்கு முன்பே தெரிந்திருந்தது?" என்று பிள்ளைகள் கேட்கும்படி பேசலாம். உறக்கம், உணவு, நட்பு, மதிப்பெண் ஆகியவற்றில் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் மாற்றம் நீடித்தால், சோம்பல் என்று கடியாமல் குடும்ப மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். தாயத்தும் பரிகாரமும் மன அமைதி தருமானால் தரட்டும். ஆனால் அவற்றின் பொருட்டு மருத்துவத்தை ஒத்திவைக்கலாகாது. பிள்ளை கல்லூரிக்குப் புறப்படும்போது போர்வையும் ஊறுகாயும் கட்டிக் கொடுப்பது போலவே, முன்பு பெற்ற சிகிச்சை அங்கும் தொடர வழி செய்து அனுப்ப வேண்டும். வர்ஜீனியா டெக்கில் அறுந்த முதல் இழை அதுதான்.

இளைஞர்கள் அறிய வேண்டியவை இரண்டு. பல்கலைக்கழக மனநல ஆலோசகரிடம் செல்வது மதிப்பெண் சான்றிதழில் பதிவாவதில்லை. நண்பன் சாவைப் பற்றியோ பிறரைத் தாக்குவது பற்றியோ பேசினால், அதைப் பெரியவர் ஒருவரிடம் சொல்வது காட்டிக்கொடுப்பதாகாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 988, பிரிட்டனில் 116 123, ஆஸ்திரேலியாவில் 13 11 14 ஆகிய எண்களை எந்நேரமும் அழைக்கலாம்.

தமிழ்ச் சங்கங்களும் தமிழ்ப்பள்ளிகளும் ஆண்டுதோறும் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருத்துவ முகாம் நடத்துகின்றன. அதே முகாமில் தமிழ் பேசும் மனநல வல்லுநர் ஒருவருக்கும் ஒரு மேசை போட்டால் போதும். முதலாண்டில் எவரும் அருகே செல்லாமல் போகலாம். அடுத்த ஆண்டும் அந்த மேசை அங்கே இருக்குமானால், யாரேனும் ஒரு தாய் தயங்கித் தயங்கியாவது அதன் எதிரே வந்து அமர்வார்.