சும்மா ஓடும் எந்திரம்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை வெட்டுகிறார்கள். அதை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த மின்சாரம் வீடுகளில் விளக்காக எரிகிறது.

ஆனால் அந்த நிலக்கரியை வெட்டவும் மின்சாரம் வேண்டும்!

நெய்வேலியில் 1957-ம் ஆண்டு சுரங்க வேலை தொடங்கியது. 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. அங்கே வாளிகள் பூட்டிய ராட்சத சக்கரம் சுழன்று மண்ணை வெட்டுகிறது. நீண்ட ரப்பர் பட்டைகள் அதைச் சுமந்து செல்கின்றன. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு இருக்கும் ஊற்று நீரை பம்புகள் இரவு பகலாக இறைக்கின்றன. எல்லாம் மின்சாரத்தில் ஓடுபவை.

குழாய் ஒழுகினால் தரை நனையும். மின்சாரம் வீணானால் எதுவும் நனையாது. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

எந்தச் சுரங்கத்திலும் மின்சாரம் வீணாகும் வழிகள் உண்டு. மண் இல்லாதபோதும் பட்டை ஓடும். வாளியின் பல் மழுங்கினால் மோட்டார் திணறும். பட்டையைத் தாங்கும் உருளை சிக்கினால் இழுவை கூடும். சின்ன வேலைக்குப் பெரிய மோட்டார் பூட்டினாலும் நஷ்டமே.

ஒரு பட்டை வெறுமனே ஓடும்போது மணிக்கு 100 யூனிட் விழுங்குவதாக வைத்துக்கொள்வோம். தினமும் 2 மணி நேரம் அப்படி ஓடினால், ஆண்டுக்கு 73 ஆயிரம் யூனிட் போய்விடும். 1 யூனிட்டில் 100 வாட் பல்பு 10 மணி நேரம் எரியும்!

இதைக் கண்டுபிடிப்பதற்குப் பெயர் எரிசக்தித் தணிக்கை. எந்திரத்துக்கு எந்திரம் மீட்டர் வைத்து அளப்பார்கள். ஒரு டன் வெட்ட எத்தனை யூனிட் செலவு என்று கணக்கிடுவார்கள். சுரங்கம் ஆழமானால் செலவு கூடும். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் குறையைச் சொல்ல வேண்டும்.

2001-ம் ஆண்டு மத்திய அரசு எரிசக்தி சேமிப்புச் சட்டம் கொண்டுவந்தது. மின்சாரத்தை ஏராளமாகச் செலவிடும் ஆலைகளில் தணிக்கை செய்யும்படி உத்தரவிட அதில் இடம் இருக்கிறது.

சட்டம் மட்டும் போதாது. தணிக்கை அறிக்கை அலமாரியில் தூங்கக் கூடாது. இன்ன குறையை இன்ன தேதிக்குள் சரி செய்வோம் என்று நிர்வாகம் சொல்ல வேண்டும். எந்திரம் ஓட்டும் தொழிலாளியைக் குற்றவாளி ஆக்கக் கூடாது. அவரிடம் யோசனை கேட்க வேண்டும். எந்திரம் திணறுவது முதலில் தெரிவது அவருக்குத்தான்.

நிலக்கரி நெல் அல்ல, அடுத்த போகத்தில் விளைய. அதை எடுப்பதற்காகப் பல குடும்பங்கள் தங்கள் நிலத்தைக் கொடுத்திருக்கின்றன. அப்படிக் கிடைத்த மின்சாரத்தை வெறும் பட்டை ஓட்டித் தீர்ப்பது நியாயமா?

அளந்து செலவிட வேண்டும். வீட்டுக்கு உள்ள புத்தி சுரங்கத்துக்கும் வேண்டும்.